கலெக்டரின் பதினோரு நிமிடம்

பதினோரு நிமிடம் ஒரு குதிரையின் இதயத்தை நான் ஓட்டியிருக்கிறேன். குதிரையை அல்ல. குதிரையை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஊட்டி ஏரிக்கரைக்குப் போனால் கைக்குழந்தையைக்கூட ஏற்றி உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள். நான் சொல்வது அதன் இதயத்தை. நாலு கிலோ எடை, சின்னப் பலாப்பழம் அளவு. நின்றுபோகப் பார்த்த அதை என் எழுபத்திரண்டு வயது நெஞ்சால் தட்டித் தட்டி ஓடவைத்தேன். அப்போது என் ஒரு கையில் தேநீர் டம்ளர் இருந்தது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்றும் சொல்வேன். அதை மட்டும் என் மனைவி மறுக்கிறாள்.

ஊட்டி முழுவதும் இதை நம்பிவிட்டது. மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் வியாபாரிகள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள். பங்குத்தந்தை பிரசங்கத்திலேயே சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். நம்பாத ஒரே ஆள் என் மச்சான் செலஸ்டின், என் மனைவி பிலோமினாவின் அண்ணன். குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தேநீரை ருசித்துத் தரம் சொல்லும் வேலையில் இருந்தவர். ஒரு நாளைக்கு இருநூறு கிண்ணம். வாயில் உறிஞ்சி, சுழற்றி, துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில் என் பேச்சையும் அப்படியேதான் செய்வார்.

"மாப்ளே, போன கிறிஸ்துமஸுக்கு ஒரு கதை சொன்னே. தண்டவாளத்துல ஒத்தை யானை நின்னுச்சு, நீ பச்சைக் கொடி காட்டினே, அது தும்பிக்கையைத் தூக்கிச் சல்யூட் அடிச்சிட்டுப் போச்சுன்னு. அதையே நான் இன்னும் துப்பி முடிக்கலை."

யானைக்கதையில் கொடி மட்டும்தான் பொய். நான் மலை ரயிலில் முப்பத்தாறு வருடம் பிரேக்ஸ்மேன். எங்கள் ரயிலில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு ஆள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இன்ஜினிலிருந்து விசில் வரும். கேட்டுப் பிடிக்க வேண்டும், கேட்டு விட வேண்டும். முகப்பில் நிற்பதால் நான்தான் ரயிலை ஓட்டுகிறேன் என்று சுற்றுலா வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். முப்பத்தாறு வருடத்தில் ஒருவரைக்கூட நான் திருத்தியதில்லை.

குதிரை விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பிலோமினாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது அவள் இதயத் தசையைத் தளர்த்திவிட்டுப் போனது. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வர நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தார்கள். நிமிடத்துக்கு அறுபத்தாறு, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஆறு மாதத்தில் கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது.

"கடிகாரம் மாதிரி துடிக்கிறதுதான் சார் பிரச்சினையே," என்றார் டாக்டர் தமயந்தி. சின்ன வயது. ஆனால் இதயத்தைப் பற்றிப் பேசும்போது பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுவதுபோல் அவ்வளவு விவரம் சொல்வார். "நல்ல இதயம் அப்படித் துடிக்காது. மூச்சை இழுத்தா கொஞ்சம் ஓடும், விட்டா கொஞ்சம் நிதானமாகும். யாராவது கதவைத் தட்டினா துள்ளும். அந்த ஏற்ற இறக்கத்துலதான் தசை இளைப்பாறுது. ஒரே தாளம்னா களைச்சுப் போயிடும்."

"அப்ப என்னதான் வழி?"

"உயிருள்ள இன்னொரு இதயத்தை முன்னோடியா வைக்கலாம். அது எப்படித் துடிக்குதோ, அதைக் கம்பியில்லாம அனுப்புவோம். அம்மா நெஞ்சுல இருக்கிற பெட்டி அதை வாங்கி அப்படியே தட்டும். அது முன்னால போகும், இவங்க பின்னால போவாங்க."

அவர் முடிப்பதற்குள் நான் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டேன். நாற்பத்தோரு வருடம் குடும்பம் நடத்தியவன். என் நெஞ்சைத் தவிர வேறெந்த நெஞ்சு அவளுக்கு முன்னால் போக முடியும்?

ஒரு நாள் முழுக்க மார்பில் ஒரு பட்டியைக் கட்டிச் சோதித்தார்கள். நூற்றுக்கு இருபத்துமூன்று மார்க்.

"உங்க இதயம் எப்பப் பார்த்தாலும் எதையோ துரத்திட்டு ஓடுது சார். நடுவுல நடுவுல ஒரு அடி கூடுதலா வேற. இதை நம்பி அம்மாவை அனுப்ப முடியாது."

மச்சானையும் சோதித்தார்கள். ஐம்பத்தெட்டு. அந்த ஆள் அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. டாக்டர் ஆராய்ச்சிக்காக எங்கள் தெருவில் இருந்த ஒரு ஆட்டைக்கூடச் சோதித்தார். நாற்பது. நாலு கால், தாடி, பிறந்ததிலிருந்து காகிதம் தின்கிற ஆடு. எனக்கு அதைவிடப் பதினேழு குறைச்சல்.

தொண்ணூற்றொன்று வாங்கியது கமால் பாயின் குதிரை. ஏரிக்கரையில் பதினோரு வருடம் சவாரி சுமந்து ஓய்வு பெற்ற பழுப்புநிற ஆண்குதிரை. யார் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது, எதற்கும் அவசரப்படாது. அதனால் அதற்குக் கலெக்டர் என்று பெயர்.

"குதிரைக்கு நிமிஷத்துக்கு முப்பத்துமூணு, முப்பத்துநாலுதான்," என்றார் டாக்டர். "கலெக்டர் ஒரு தட்டு தட்டினா அம்மாவுக்கு ரெண்டு. கணக்கு அழகாப் பொருந்துது."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டோம், கமால் பாய் தினமும் வந்து கவனித்துக்கொண்டார். கலெக்டர் வயிற்றுப்பட்டியில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி கழுத்து நரம்பு வழியாக இதயத்துக்குப் போனது. கேட்கிற கம்பியே தட்டவும் செய்யும் என்றார் டாக்டர். பெட்டியில் ஒரு விசை. மேலே இருந்தால் கலெக்டர் முன்னோடி. கீழே தள்ளினால் அவர் பின்னோடி. "சோதனைக்காக வச்சது. அதைத் தொடாதீங்க." மனிதருக்கு மாட்டுகிற மார்புப்பட்டி ஒன்றையும் உபரியாகக் கொடுத்தார்.

"கலெக்டர்கிட்டேருந்து சத்தம் நின்னுட்டா, அம்மா பெட்டி தானா கடிகாரத் தாளத்துக்கு மாறிடும். ரெண்டு மூணு நாள் தாங்குவாங்க. அதுக்கு மேல போனா பழைய நிலைமைதான். இன்னொரு முன்னோடியைத் தேடிப் பழக்க ஆறு மாசம் ஆகும் சார். அம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்லை. கலெக்டரைப் பத்திரமாப் பார்த்துக்கங்க."

மூன்றே வாரத்தில் பிலோமினா மாதா கோயில் படியை நிற்காமல் ஏறினாள். நாற்பத்திரண்டு படி. நான் பாதியில் உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் நடித்தேன்.

நான் சந்தோஷப்பட்டேனா? பட்டேன். ஒரு பதினைந்து நாள்.

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். மத்தியானம் கொட்டகையில் கலெக்டர் கண்ணை மூடுவார். உள்ளே பிலோமினா கொட்டாவி விடுவாள். "அவரு அசந்துட்டாருங்க, எனக்கும் சொக்குது." காலையில் அவர் எழுந்து உடம்பை உதறினால் இவள் பாட்டுப் பாடிக்கொண்டு எழுந்திருப்பாள். கேரட்டைத் தேய்த்துக் கழுவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, பீங்கான் தட்டில் வைத்துக் கொண்டுபோவாள். எங்கள் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டு. அதில் எனக்கு இதுவரை ஒரு பிஸ்கட்கூட வந்ததில்லை.

ஒருநாள் தெருவழியே ஒரு வெள்ளைப் பெட்டைக்குதிரை போனது. கலெக்டர் காதை நிமிர்த்தினார், கழுத்தை நீட்டினார். வீட்டுக்குள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பிலோமினாவின் முகம் செக்கச்செவேலென்று சிவந்தது.

"என்ன பிலோமி?"

"என்னமோ தெரியலைங்க. சும்மாவே சந்தோஷமா இருக்கு."

என்னைப் பார்த்து அவள் முகம் கடைசியாகச் சிவந்தது நான் பெண் பார்க்கப் போனபோது. அதுவும் அவர்கள் வீட்டு அடுப்புப் புகையால் என்று பிறகு சொல்லிவிட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. காப்பியை விட்டேன். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். ஊட்டியில் அது எப்படியிருக்கும் என்றால், தண்ணீர் மேலே விழுந்து உடைந்தது. மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். டாக்டரிடம் போய் மறுபடி சோதிக்கச் சொன்னேன். இருபத்தாறு மார்க்.

"மூணு கூடியிருக்கே," என்றார் டாக்டர் ஆறுதலாக.

ஆறுதல் யாருக்கு வேண்டும்? ஒரு நாள் முற்பகல், கமால் பாய் தேநீர்க்கடைக்குப் போன நேரம். கொட்டகைக்குள் போய்க் கலெக்டர் பெட்டியை அணைத்தேன். உபரிப் பட்டியை என் மார்பில் கட்டி உயிர்கொடுத்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. பிலோமினா கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்ன திருட்டு வேலை பண்றீங்க?"

"நானா? சும்மா நிக்கிறேன்."

"சும்மா நிக்கிற நெஞ்சா இது? கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி ஓடுது. கலெக்டர் இப்படி ஓட மாட்டாரு. சட்டையைத் தூக்குங்க."

தூக்கினேன். திட்டப்போகிறாள் என்று பார்த்தால் திட்டவில்லை. கரண்டியை வைக்கோல் மேல் போட்டுவிட்டுத் தன் மார்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். என் துடிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தினமும் இப்படியேதான் இருக்குமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அது அபூர்வம், அந்தக் கொட்டகையில் ஒரு கல்வெட்டு வைத்திருக்க வேண்டும்.

"இதைச் சொல்லாம, யானை சல்யூட் அடிச்சதை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்களா?" பட்டியைத் தன் கையாலேயே அவிழ்த்துத் தன் அலமாரியில், புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

அன்றிலிருந்து என்னை இரக்கத்தோடு பார்த்தாள். கலெக்டரை மரியாதையோடு பார்த்தாள். அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் நான் வெந்தேன். அதில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

கமால் பாய் தங்கை மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் மேட்டுப்பாளையம் போனார். "ஐயா, புல்லு தீர்ந்துச்சுன்னா மார்க்கெட்ல மட்டும் வாங்குங்க. வழியில அறுக்காதீங்க," என்று இரண்டு தடவை சொன்னார். தீர்ந்தது. மார்க்கெட்டுக்கு ஏறப் போனவன் யோசித்தேன். இவருக்குப் பீங்கான் தட்டில் கேரட் வருகிறது; இவருக்காக நான் மார்க்கெட் மேட்டை ஏற வேண்டுமா? தண்டவாளச் சரிவில் இறங்கிக் கைக்கு வந்ததை அறுத்தேன். அதில் மணிமணியாகத் தொங்கும் ஊதாப்பூச் செடியும் இருந்தது. எங்கள் மலையில் அது காடாக முளைக்கும். செடியாக நின்றால் குதிரை முகர்ந்துவிட்டு விலகிவிடுமாம். அறுத்துப் புல்லோடு கலந்துவிட்டால் அதற்குத் தெரியாதாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணி. வீட்டுக்குள் டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது. பிலோமினா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, கலெக்டர் என்னை விட்டுட்டுப் போறாரு."

ஓடினேன். கலெக்டர் முன்னங்காலை மடித்து விழுந்து கிடந்தார். வாயில் நுரை. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. போன் அடித்தது, டாக்டரின் திரையில் எல்லாம் தெரிந்திருக்கிறது.

"சார், கலெக்டருக்குத் துடிப்பு பன்னிரண்டு. இப்ப ஒன்பது. அம்மா கடிகாரத்துக்கு மாறிட்டாங்க, அவங்களுக்கு இப்போதைக்குப் பயமில்லை. என்ன தின்னார்?"

சொன்னேன். பூவின் நிறத்தையும் சொன்னேன்.

"அந்தச் செடியிலேருந்துதான் சார் ஒரு காலத்துல இதய மருந்தே எடுத்தாங்க. அளவு மீறினா இதயத்தையே கட்டிப்போடும். முறிவு ஊசியோட கால்நடை டாக்டரைக் கூட்டிட்டு ஜீப்புல கிளம்பிட்டேன், பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அதுவரைக்கும் அந்த இதயம் நிக்கக் கூடாது. விசையைக் கீழ தள்ளுங்க. உபரிப் பட்டியைப் போடுங்க. குதிரைப் பெட்டியில கடிகாரம் கிடையாது, யாராவது முன்னால போகணும்."

"நானா? எனக்கு இருபத்தாறு மார்க்குங்க டாக்டர்."

"அங்க வேற யார் இருக்காங்க?"

ஆட்டைத் தேட நேரமில்லை.

பிலோமினா அதற்குள் அலமாரியைத் திறந்து பட்டியைக் கொண்டுவந்துவிட்டாள். அதை மார்பில் கட்டிக்கொண்டு விசையைத் தள்ளினேன். என் இரண்டு துடிப்புக்குக் கலெக்டரின் நாலு கிலோ ஒரு துடிப்பு துடித்தது. வயிற்றில் கை வைத்தால் தெரிந்தது: தம், தம். ஆரம்பத்தில் நான் பதற, அவரும் பதறி உடம்பெல்லாம் நடுங்கினார். பிறகு நான் என்னை அடக்கினேன். எப்படி அடக்கினேன் என்று கேட்காதீர்கள், பெரிய யோகிகளுக்கு வருவது எனக்கு ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. பயத்தில் பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். ஜீப் வந்து ஊசி போட்டு, கலெக்டர் தன் காலில் எழுந்து நின்று என் தோளில் தும்மியபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் பிலோமினா என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்.

"ஒரு குதிரை மேல பொறாமைப்படறதுக்கு உங்களுக்கு வெட்கமா இல்லையா?"

"இருக்கு," என்றேன். இருந்தது. இன்றைக்கும் மார்க்கெட் மேட்டை ஏறும் ஒவ்வொரு தடவையும் இருக்கிறது. தினமும் ஏறுகிறேன்.

ஆனால் வேடிக்கை கேளுங்கள். அன்றிலிருந்து கலெக்டர் பீங்கான் தட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் கொட்டகைக்குள் வந்தால்தான் வாயைத் திறக்கிறார். நான் நடந்தால் பின்னாலேயே வருகிறார். பிலோமினா கேரட்டோடு நின்று பார்ப்பாள். "ஓகோ, இப்ப உங்களைக் கண்டாத்தான் தின்பாராக்கும்," என்று சொல்லிவிட்டு, கேரட்டைச் சாம்பாரில் போட்டுவிடுவாள். இரண்டு வாரம் எனக்கு நாளுக்கு மூன்று வேளையும் கேரட் சாம்பார். அதைப்போல் ருசியான சாம்பாரை நான் சாப்பிட்டதே இல்லை.

மச்சான் மட்டும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவார், நாற்காலியில் சாய்வார், ஆரம்பிப்பார்.

"இருபத்தாறு மார்க் நெஞ்சு குதிரையை ஓட்டுச்சாம். நான் ஐம்பத்தெட்டு, நானே நம்பலை."

"பிலோமி பார்த்தாளே மச்சான்."

"அவ உன் பொண்டாட்டி. உன் யானைக்கும் அவதான் சாட்சி."

"டாக்டர் வந்தாரே."

"வந்தப்ப குதிரை இதயம் ஓடிட்டுத்தானே இருந்துச்சு. அதை ஓட்டினது நீதான்னு யார் பார்த்தா?"

நாலாவது ஞாயிறு டாக்டர் தமயந்தியே ஒரு நீளத் தாளோடு வந்தார். பெட்டிகள் அன்றைக்குப் பதிவுசெய்தது. நான் தாளை வாங்கி மச்சான் மடியில் விரித்தேன். அந்த நேரத்தில் என் மார்க் நூற்றுப்பத்து இருந்திருக்கும்.

மச்சான் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். தேதியைப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். தாளைப் புரட்டிப் பின்பக்கம்கூடப் பார்த்தார். மூன்று கோடுகள். ஒன்று பிலோமினா, ஒன்று நான், ஒன்று கலெக்டர். பதினோரு நிமிட நீளம்.

"இந்தக் கோணல்மாணல் யாரு?"

"அது நம்ம சாரோடது," என்றார் டாக்டர் என்னைக் காட்டி. "நூற்றுப்பதினெட்டுல ஆரம்பிக்குது."

"இந்த ஸ்கேல் வச்சுப் போட்ட கோடு?"

"அம்மா. கடிகாரத் தாளம். அறுபத்தாறு."

மச்சானின் விரல் என் கோட்டின் மேல் நகர்ந்தது. மேலே, கீழே, மேலே. இரண்டாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் அது இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது நிமிடத்தில் பிலோமினாவின் கோட்டைத் தொட்டது. அதற்குப் பிறகு, தாளின் கடைசிவரை, என் கோட்டைக் காணோம். அவள் கோட்டுக்கு மேலேயே படுத்திருந்தது. அடியில் கலெக்டர், சரியாகப் பாதி, முப்பத்துமூன்று.

மச்சான் தலையைத் தூக்கினார்.

"பயந்துபோய் அவ உன் கையைப் பிடிச்சாள்னு சொன்னேல்ல? பிலோமி, நீ பயந்தியா?"

பிலோமினா உள்ளிருந்து தேநீர்த் தட்டோடு வந்தாள். "நான் எதுக்குண்ணே பயப்படறேன்? இவருதான் கொல்லன் துருத்தி மாதிரி மூச்சு வாங்கிட்டு நின்னாரு. இவர் பயத்துல குதிரையும் துடிதுடிச்சுது. என் நாடியில இவர் விரலை வச்சேன். இது இப்ப கடிகாரம் மாதிரிதான் அடிக்குது, இதைக் கேட்டு மூச்சு விடுங்க, விசில்னு நினைச்சுக்கங்கன்னு சொன்னேன். அது ஒண்ணு இவருக்கு நல்லா வரும்."

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "அம்மாவுக்கும் சாருக்கும் நடுவுல எந்தப் பெட்டியும் இல்லை. விரல்தான் இருந்துச்சு. இவ்வளவு நேரம் இப்படி ஒட்டிப் போறதை நான் பார்த்ததில்லை. நாங்க சோதிச்ச அன்னைக்கு இவரைத் தனியா உட்கார வச்சுச் சோதிச்சோம். தப்பு எங்க மேல."

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது கல்வெட்டு.

மச்சான் தட்டிலிருந்து தேநீரை எடுத்தார். உறிஞ்சினார். வாய்க்குள் வலப்பக்கம் சுழற்றினார், இடப்பக்கம் சுழற்றினார். பழக்க தோஷத்தில் வாசல்பக்கம் திரும்பினார். பிறகு தாளை இன்னொரு தடவை பார்த்தார், கோடு காணாமல்போன இடத்தில் விரலை வைத்தார்.

விழுங்கினார்.

"நடந்திருக்கு, மாப்ளே."